மி அமிகோ: ஒரு வானொலிக் கப்பல் மூழ்கிய கதையும் சினிமா அதைச் சொன்ன விதமும்

2009-இல் வந்த ‘தி போட் தட் ராக்ட்’ படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு கப்பல் மூழ்குகிறது. கடலில் கப்பலிலிருந்து வானொலி நடத்துவதைத் தடுக்கும் புதுச் சட்டம் வந்துவிட்டது, பிடித்துவிடுவார்கள் என்று இடம் மாறப் பார்க்கிறார்கள். வெகுகாலம் ஓடாமல் கிடந்த என்ஜினைக் கிளப்புகிறார்கள். அது வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுகிறது. தண்ணீர் ஏற ஏற ஒலிபரப்பு நடக்கிறது. விடிந்ததும் நேயர்கள் சின்னச் சின்னப் படகுகளில் கூட்டமாக வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ரிச்சர்ட் கர்டிஸ் எழுதி இயக்கிய நகைச்சுவைப் படம். பிலிப் சீமோர் ஹாஃப்மனும் பில் நையும் இருக்கிறார்கள். ரசித்துப் பார்க்கலாம்.

படத்தில் வரும் ‘ரேடியோ ராக்’ கற்பனை. ஆனால் ராக் இசை ஒலிபரப்பிய ஒரு கப்பல் உண்மையிலேயே மூழ்கியது: ரேடியோ கரோலைனின் ‘மி அமிகோ’. மூழ்கியது படத்தில்போல் 1967-இல் அல்ல, 1980-இல். என்ஜின் வெடிக்கவில்லை, நங்கூரச் சங்கிலி அறுந்தது. அது ஏன் அறுந்தது, சட்டத்துக்கும் சங்கிலிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இந்த ஆய்வு.

பாட்டுக்கு ரேஷன்

பிரிட்டனில் அப்போது வானொலி என்றால் பிபிசி. இசைத்தட்டு நிறுவனங்களின் உரிமை அமைப்போடு பிபிசி ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தது. அதற்குப் பின்னால் இசைக் கலைஞர் சங்கத்தின் அழுத்தம் இருந்தது. இசைத்தட்டையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் வாத்தியக்காரர்களுக்கு வேலை எங்கே என்பது சங்கத்தின் வாதம். எனவே இசைத்தட்டு ஒலிக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ‘நீடில் டைம்’, அதாவது ஊசி நேரம், என்று அதற்குப் பெயர். நாளுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். அதையும் செவ்வியல் இசை உட்பட எல்லா அலைவரிசைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மீதி நேரத்தில் குழுக்களை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் பாட வைத்தார்கள். இல்லாவிட்டால் பிபிசியின் வாத்தியக் குழு அதே பாட்டைத் தன் பாணியில் வாசித்தது. பீட்டில்ஸ் குழுவினர் பிபிசிக்கென்றே தனியாகப் பாடிப் பதிவு செய்த பாட்டுகள் அத்தனை இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

இரவில் ரேடியோ லக்சம்பர்க் கேட்கலாம். அலை ஏறி இறங்கும். நிகழ்ச்சிகளை வாங்கியிருந்த பெரிய நிறுவனங்கள் தங்கள் தட்டுகளையே போடும். லண்டனில் ஜார்ஜி ஃபேம் என்ற பாடகரை நடத்திவந்த ரோனன் ஓ’ராஹிலி என்ற ஐரிஷ் இளைஞருக்கு அவருடைய தட்டை எங்கும் ஒலிக்கவைக்க முடியவில்லை. வானொலி நிலையத்தையே தொடங்கிவிடுவது என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு இலங்கை வானொலி நினைவுக்கு வரும். 1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. வீட்டு ரேடியோக்களின் முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபரில் ஆகாசவாணி விவித்பாரதியைத் தொடங்கியது. பிரிட்டனில் நடந்ததும் இதே வரிசைதான். ஆனால் கொழும்பு நிலையம் ஓர் அரசின் நிலையம், கட்டாந்தரையில் நின்றது.

இரண்டு கப்பல், ஒரு துறைமுகம்

சட்ட ஓட்டை எளிமையானது. பிரிட்டனின் கடல் எல்லை அப்போது கரையிலிருந்து 3 கடல் மைல். அதைத் தாண்டி, வேறொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் டிரான்ஸ்மிட்டர் வைத்தால் பிரிட்டிஷ் உரிமச் சட்டம் எட்டாது. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்துக் கரைகளில் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள்.

ஓ’ராஹிலி வாங்கியது ‘ஃபிரெடெரிசியா’ என்ற பழைய டேனிஷ் பயணிகள் படகு. அயர்லாந்தில் கிரீனோர் என்ற சிறு துறைமுகம் அவருடைய அப்பாவுக்குச் சொந்தம். அங்கேதான் கோபுரத்தையும் கருவிகளையும் ஏற்றினார்கள். அதே துறைமுகத்தில், அதே நாட்களில், போட்டியாளர் ஆலன் கிராஃபோர்டின் கப்பலும் தயாராகிக்கொண்டிருந்தது. அதுதான் மி அமிகோ. 1921-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ‘மார்கரெத்தே’ என்ற பாய்மரக் கப்பலாகப் பிறந்தது. பிறகு ‘போன் ஷூர்’ என்று பெயர் மாறி, சுவீடன் கரைக்கு எதிரே ரேடியோ நோர்டு நிலையமாக 1962 வரை ஒலித்தது. கடலுக்கு வந்தபோதே வயது 43.

1964 ஈஸ்டர் வார இறுதியில், மார்ச் 28 அன்று, ஃபெலிக்ஸ்டோ கரைக்கு எதிரே ஃபிரெடெரிசியாவிலிருந்து ஓ’ராஹிலியின் ரேடியோ கரோலைன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மி அமிகோவிலிருந்து கிராஃபோர்டின் ரேடியோ அட்லாண்டா மே 12-இல் தொடங்கியது. ஆறு வாரம் முந்தியவர்தான் ஜெயித்தார். ஜூலையில் இரண்டும் இணைந்தன. ஃபிரெடெரிசியா ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய் ‘கரோலைன் நார்த்’ ஆனது, மி அமிகோ எசெக்ஸ் கரையில் ஃபிரின்டனுக்கு எதிரே ‘கரோலைன் சவுத்’ ஆக நின்றது. அந்த டிசம்பரில் ‘கேலக்ஸி’ என்ற பழைய அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பலில் ரேடியோ லண்டன் வந்து சேர்ந்தது. ஜிங்கிள், டாப் 40 என்று அமெரிக்கப் பாணியைச் சரியாகச் செய்தவர்கள் அவர்கள்தான். கரோலைனின் பெயர் பெரிது, லண்டனின் நிகழ்ச்சி நேர்த்தி.

மிதக்கும் மீடியம் வேவ்

மீடியம் வேவ் நிலையத்துக்கு ஏற்ற இடம் கடல். ஏரியலுக்கு எர்த் எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் அலை போகும். நிலத்தில் கோபுரத்தடியில் செம்புக் கம்பிகளைச் சக்கர ஆரம் போல் புதைத்து எர்த் உண்டாக்குவார்கள். கடலில் அந்த வேலையே இல்லை. உப்புநீரின் மின்கடத்தும் திறன் சாதாரண மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. இரும்பு அடிப்பாகத்தோடு எர்த்தை இணைத்தால் முடிந்தது. முதலில் வந்த கரோலைன் இரண்டு 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்களை வைத்துக்கொண்டே தென்கிழக்கு இங்கிலாந்தை எட்டியது.

கோபுரம்தான் தலைவலி. மீடியம் வேவுக்கு அலைநீளத்தில் கால் பங்கு உயரக் கம்பம் வசதி. 250 மீட்டர் அலைக்கு அது 60 மீட்டருக்கு மேல் வரும். 470 டன் கப்பலில் அவ்வளவு வைக்க முடியாது. மி அமிகோவில் இருந்தது 50 மீட்டர் அளவிலான கம்பம். குறையும் உயரத்தை அடியில் சுருள் வைத்து ஈடுகட்ட வேண்டும். கம்பம் குட்டையாக ஆக ஆக அதே வாட்டுக்கு அதிக ஆம்பியர் ஓடும், முனையில் வோல்டேஜ் பல ஆயிரமாக ஏறும். அங்கே உப்பு வந்து வேலையைக் காட்டும். அலைத்திவலை பீங்கான் இன்சுலேட்டரில் காய்ந்து உப்புப் படலமாகிறது. ஈரம் பட்டதும் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. பொறி பாய்ந்து டிரான்ஸ்மிட்டர் தானாக நின்றுவிடும். நிறுத்தி, கழுவி, துடைத்து, மறுபடி போட வேண்டும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். அதுவோ படகில் ஏற்றிவந்து தொட்டியில் அளந்து வைத்திருப்பது. கம்பத்தைத் தாங்கும் கம்பிகளிலும் துண்டுக்குத் துண்டு இன்சுலேட்டர் உண்டு. அவற்றில் ஒன்று உடைந்தாலும் ஏரியலின் டியூனிங் மாறிவிடும்.

மின்சாரம் முழுக்க டீசல் ஜெனரேட்டரில். அக்கால 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் 20 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஸ்டூடியோ, விளக்கு, சமையல், பம்பு எல்லாம் சேர்த்து 35 என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் டீசல். 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை முழுத் திறனில் ஓட்டினால் அதற்கே 100 கிலோவாட்டுக்குக் குறையாது; நாள் முழுக்க ஓட்டினால் 600 லிட்டரைத் தாண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் படகு வருவது நின்றால் என்ன நடக்கும் என்பது இதிலேயே இருக்கிறது.

டர்ன்டேபிள் விஷயம் எல்லாரும் கேட்பது. கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது ஊசி வரிக்கு வரி தாவும். கைக்குள் இருந்த வைத்தியம், டோன் ஆர்மின் தலையில் ஒரு பழைய பென்னிக் காசை வைப்பது. ஊசி தாவாது, ஆனால் எடை கூடுவதால் தட்டின் வரி சீக்கிரம் தேயும், இரைச்சல் ஏறும். கடல் ரொம்பக் கெட்டால் டேப்தான். டேப் தாவாது. விளம்பரமும் ஜிங்கிளும் கார்ட்ரிட்ஜ் என்ற டேப் பெட்டிகளில் இருந்ததால் அவற்றுக்கு ஆபத்தில்லை. படத்தில் அறிவிப்பாளர்கள் கப்பலையே வீடாக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். நிஜத்தில் வழக்கம் இரண்டு வாரம் கப்பல், ஒரு வாரம் கரை. ஹார்விச்சில் சுங்கச் சோதனை முடித்து, வெளிநாடு போவதுபோல் படகு ஏறுவார்கள்.

நங்கூரம்

சரக்குக் கப்பல் நங்கூரமிடுவது சில நாட்களுக்கு. புயல் வந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடும். வானொலிக் கப்பல் ஒரே புள்ளியில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். புயலில் நகர்ந்தால் ஒலிபரப்பு போயிற்று, கரைப்பக்கம் நகர்ந்தால் சட்டத்துக்குள் போயிற்று. மேலே 50 மீட்டர் கம்பம் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும். தேம்ஸ் முகத்துவாரத்தில் ஓதம் ஒரு நாளில் நான்கு முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கப்பல் நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் போடும், சங்கிலி மணலில் தேயும், கண்ணியும் கண்ணியும் ஒன்றோடொன்று உரசும். சுழல்கண்ணி இறுகிவிட்டால் சங்கிலி முறுக்கேறும். விரல் தடிமனுக்கு மேல் இருந்த இடம் தேய்ந்து இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. அது கடலடியில் இருக்கிறது. புயலுக்கு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளச் சங்கிலி விட வேண்டும் என்பது மாலுமிகளின் கணக்கு. சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, தேய்ந்த துண்டை வெட்டிப் புதுத் துண்டு மாட்ட அமைதியான கடலும், பலமான இழுவைப் படகும், கூசாமல் பில் கட்டும் முதலாளியும் தேவை.

1966 ஜனவரி 19 இரவு இதன் முதல் பாடம். புயலில் மி அமிகோ நங்கூரத்தை இழந்து மிதந்து, 20-ஆம் தேதி அதிகாலை ஃபிரின்டன் அருகே ஹாலண்ட்-ஆன்-சீ கரையில் ஏறியது. கரையிலிருந்து கயிறு எய்து, அதில் தொங்கும் மிதவைக் கால்சட்டையில் ஒவ்வொருவராக இழுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒருவர் அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன். கப்பல் உடையவில்லை, மிதக்கவைத்து நெதர்லாந்தின் சாண்டாம் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். இடைக்காலத்துக்கு ரேடியோ சிட் என்ற கப்பல் நிலையத்தை நடத்திய பிரிட் வாட்னர் என்ற சுவீடன் பெண்மணி தன் ‘சீட்டா 2’ கப்பலைக் கொடுத்து உதவினார். அந்த வசந்தத்தில் மி அமிகோ அடிப்பாகம் சரிசெய்யப்பட்டு, 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரோடு திரும்பியது.

இதைக் கவனிக்க வேண்டும்: அப்போது பட்டறை கிடைத்தது. பணம் இருந்தது, துறைமுகம் திறந்திருந்தது, பழுது பார்ப்பது குற்றமல்ல.

சட்டம் எதைத் தொட்டது

1965 ஜனவரியில் ஐரோப்பிய நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் கடல் ஒலிபரப்புக்கு எதிராக ஓர் உடன்படிக்கை போட்டன. பிரிட்டன் அரசு அவசரப்படவில்லை. 1966 ஜூனில் கடலில் நின்ற பழைய கோட்டை ஒன்றிலிருந்து ஒலித்த ரேடியோ சிட்டியின் உரிமையாளர் ரெஜ் கால்வர்ட், போட்டியாளரின் வீட்டில் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் மசோதா வேகம் பிடித்தது. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு சட்டம் அமலுக்கு வந்தது.

சட்டத்தை வாசித்தால் அது எழுதப்பட்ட சாமர்த்தியம் தெரியும். பன்னாட்டுக் கடலில் நிற்கும் வேற்றுக்கொடிக் கப்பலில் ஏறிப் பூட்டுப் போட முடியாது. ஆகவே கப்பலை விட்டுவிட்டு, அதற்குப் போகும் வழிகளை அடைத்தார்கள். பிரிட்டிஷ் குடிமகன் அங்கே வேலை செய்வது, உணவோ எண்ணெயோ கொண்டுபோவது, கருவி பழுதுபார்ப்பது, ஆளை ஏற்றிச் செல்வது, விளம்பரம் கொடுப்பது, நிகழ்ச்சி நேரத்தை அச்சிடுவதுகூடக் குற்றம். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் 3 மணிக்கு மூடிக்கொண்டது. கரோலைனின் இரண்டு கப்பல்களும் தொடர்ந்தன. அறிவிப்பாளர்கள் ஜானி வாக்கரும் ராபி டேலும் நள்ளிரவு தாண்டியும் மி அமிகோவில் பேசினார்கள். செப்டம்பர் 30-இல் பிபிசி ரேடியோ 1 பிறந்தது. முதல் குரல், முந்தைய ஆண்டு கயிற்றில் தொங்கிக் கரையேறிய அதே டோனி பிளாக்பர்ன்.

கரோலைனுக்கு விளம்பரம் வற்றியது. தட்டுக்குக் காசு வாங்கி ஒலிபரப்புவது முக்கிய வருமானமானது. பங்குதாரர் ஃபில் சாலமனின் மேஜர் மைனர் நிறுவனத் தட்டுகள் கணக்கில்லாமல் சுழன்றன. கேட்கச் சலிப்பூட்டிய காலம் அது என்பதை ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 1968 மார்ச் 3 காலையில் இரண்டு கப்பல்களையும் டச்சு இழுவைப் படகுகள் கட்டி இழுத்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோயின. எந்த அரசும் அனுப்பவில்லை. மாலுமிகளையும் சரக்குப் படகையும் அதுவரை கொடுத்துவந்த வைஸ்முல்லர் நிறுவனம், பாக்கிக்காகத் தூக்கிக்கொண்டு போனது.

பட்டறை இல்லாத எட்டு ஆண்டு

1972-இல் மி அமிகோ ஏலத்தில் விலைபோய் மறுபடி கடலுக்கு வந்தது, இம்முறை நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கரைக்கு எதிரே. கரோலைன் ஹிட் பாட்டை விட்டுவிட்டு முழு ஆல்பங்களைப் போடும் ராக் நிலையமாக மாறியது. 1974 செப்டம்பரில் நெதர்லாந்தும் அதே மாதிரிச் சட்டத்தைக் கொண்டுவர, கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்தில் நாக் டீப் என்ற நீண்ட பள்ளத்துக்கு நகர்ந்தது. இருபுறமும் மணல்திட்டு, மேற்கே லாங் சாண்ட். திட்டுகள் அலையை ஓரளவு தடுக்கும் என்பது வசதி. சங்கிலி அறுந்தால் போய் முட்டுவதும் அதே திட்டில்தான்.

இனி எந்தத் துறைமுகமும் கப்பலுக்குத் திறக்காது. உள்ளே வந்தால் வெளியே விடமாட்டார்கள். 1921-இன் இரும்புத் தகடு உள்ளிருந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் உள்பக்கம் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். பற்றவைக்கத் தகடு மெலிந்துபோன இடத்தில் மரச்சட்டம் கட்டி சிமென்ட் கொட்டுவார்கள். சிமென்ட் கசிவை நிறுத்தும். அடி தட்டினால் விரியும், தகட்டைப்போல் வளைந்து கொடுக்காது. எண்ணெயும் உணவும் இருட்டில் வரும் சிறு படகுகளில் வந்தன. கனமான சங்கிலியை மாற்றும் திராணி அந்தப் படகுகளுக்கு இல்லை. 1975 நவம்பரில் நங்கூரம் போய்க் கப்பல் பிரிட்டிஷ் எல்லைக்குள் மிதந்தது. போலீஸ் ஏறி ஆட்களைக் கைது செய்தது. 1979 ஜனவரியில் தண்ணீர் என்ஜின் அறைவரை ஏறி ஆட்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். இறைத்துவிட்டு ஏப்ரலில் மறுபடி ஒலிபரப்பினார்கள். அந்தப் பிடிவாதத்தை மெச்சலாம். பொறியாளர் கண்ணால் பார்த்தால் அது கடைசி எச்சரிக்கை.

1980 மார்ச் 19, புயல். சங்கிலி அறுந்தது. கப்பல் மிதந்துபோய் லாங் சாண்டில் தட்டியது. ஒவ்வோர் அலையும் அதைத் தூக்கி மணலில் போட்டது, ஓதம் ஏற ஏற அடியில் நீர் புகுந்தது, பம்புகள் ஈடுகொடுக்கவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் இரண்டு அறிவிப்பாளர்கள் நேயர்களிடம் விடைபெற்றார்கள். ஷியர்னெஸ் உயிர்காப்புப் படகு ‘ஹெலன் டர்ன்புல்’ ஆழங்குறைந்த கொந்தளிப்பில் பத்துக்கும் மேற்பட்ட முறை கப்பலோரம் வந்து, ஒவ்வொருவராக நான்கு பேரையும் ஒரு கேனரிப் பறவையையும் ஏற்றிக்கொண்டது. சட்டம் கொண்டுவந்த பிரதமரின் பெயரைத்தான் பறவைக்கு வைத்திருந்தார்கள்: வில்சன். படகின் தலைவர் சார்ல்ஸ் பௌரிக்கு உயிர்காப்பு நிறுவனம் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. யாரும் சாகவில்லை. கப்பல் மணலில் அமர்ந்தது. கம்பம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீருக்கு மேல் நின்றது.

படத்தோடு ஒத்துப் பார்த்தால்

படக்குழு கடல் காட்சிகளுக்குப் பயன்படுத்தியது முன்னாள் டச்சு மருத்துவமனைக் கப்பல் ஒன்றை. அமெரிக்காவில் ‘பைரேட் ரேடியோ’ என்று பெயர் மாற்றி, சுமார் 20 நிமிடம் வெட்டி வெளியிட்டார்கள். சட்டம் புத்தாண்டு நள்ளிரவில் அமலாவதாகக் காட்டுவது திரைக்கதை வசதி, நிஜத்தில் ஆகஸ்ட். கென்னத் பிரானா நடித்த அமைச்சர் விறைத்த பழமைவாதி போலிருக்கிறார். நிஜச் சட்டம் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது, மசோதாவை நடத்தியவர் அஞ்சல் துறைத் தலைமை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட். கப்பலுக்கு உயிர் கொடுத்த எண்ணெய்ப் படகு, பாக்கி பில், விளம்பர மேலாளர் எல்லாம் படத்தில் ஓரமாகத்தான் வருகின்றன. இது நகைச்சுவைப் படத்தின் குறையல்ல. டீசல் கணக்குப் போட்டு யாரையும் சிரிக்கவைக்க முடியாது.

கறாரான ரசிகர்கள் பாட்டுகளின் தேதியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கதை நடப்பது 1966-67. பிற்பகுதியில் ஒலிக்கும் கேட் ஸ்டீவன்ஸின் ‘ஃபாதர் அண்ட் சன்’ 1970-இல் வந்தது. தி ஹூவின் ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ 1971-இல் வந்தது. ரேடியோ ராக்கில் அவை இருந்திருக்க வழியில்லை. லாங் சாண்டில் மூழ்கிய கப்பல் ஆல்பம் போடும் ராக் நிலையம். அதன் காலத்துக்கு இரண்டும் பழைய பாட்டுகள்.